ஸ்பாஞ்ச் ஃபில்டரா, பவர் ஃபில்டரா?

கீழக்கரை, மண்டபம் பக்கம் வீட்டில் மீன்தொட்டி வைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. ஏர் பம்பின் காற்றுக்குமிழியால் தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியே இழுத்து வடிகட்டுவது ஸ்பாஞ்ச் ஃபில்டர்; மோட்டார் சுழலியால் இழுத்து வடிகட்டுவது பவர் ஃபில்டர்.

விலை: ஸ்பாஞ்ச் மலிவு, ஏர் பம்ப் தனி. பவர் ஃபில்டர் கூடுதல்.

உழைப்பு: உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரில் பவர் ஃபில்டரின் சுழலியில் வெள்ளையாகப் படிந்து மோட்டார் முனகத் தொடங்கும். கழற்றி வினிகரில் ஊறவைத்தால் கரையும். ஸ்பாஞ்சில் சுழலும் பாகமே இல்லை.

கரண்ட் போனால்: ஸ்பாஞ்சுக்கு பேட்டரி ஏர் பம்ப் மாட்டிவிடலாம். இதற்காகவே என் ஓட்டு அதற்கு.

கழுவுவது: இரண்டையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில்தான் வாழும்; குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும்.

கப்பி, மோலி போன்ற சிறு மீன்களுக்கும் குஞ்சுகளுக்கும் ஸ்பாஞ்ச் போதும். கழிவு அதிகம் போடும் கோல்ட்ஃபிஷ் என்றால் பவர் ஃபில்டர்தான். சரி, உப்பு? அதை இரண்டுமே எடுக்காது. பிடித்துவைத்த மழைநீரைக் கலந்துதான் குறைக்க வேண்டும்.