“எல்லாம் பேக்கேஜ்ல அடக்கம்” என்றார்கள், 8,500 ரூபாய் போச்சு

டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு நாள்தான் ஆகிறது. ரத்தப்போக்கு நிற்கவில்லை, கோபமும் அடங்கவில்லை. இன்னொரு பெண் மாட்டக்கூடாது என்று படுத்தபடியே எழுதுகிறேன்.

பத்தாவது வார ஸ்கேனில் கருவுக்குத் துடிப்பு இல்லை, வளர்ச்சி எட்டு வாரத்தோடு நின்றுவிட்டது என்றார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் அதேதான். அன்று ராத்திரி அழுதுகொண்டே போனில் தேடும்போது கண்ணில் பட்டது, ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்து தரும் ஒரு ஆப். நம்பர் கொடுத்த ஐந்தாவது நிமிஷம் ஒரு பெண் கூப்பிட்டாள். “அழாதீங்க அக்கா, எனக்கும் இப்படி ஆயிருக்கு, நான் கூடவே இருக்கேன்.” அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் ஆபரேஷன்), மயக்க மருந்து, ரூம், மாத்திரை எல்லாம் சேர்த்து 32,000 என்றாள். அப்போதே கட்டிவிட்டோம். எதையும் எழுதி வாங்கவில்லை.

காலை ஆறு மணிக்குப் போனதும் நர்ஸ் இரண்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். எதற்கு என்றால், “கர்ப்பப்பை வாய் இளகணும்மா”, அவ்வளவுதான். அந்த மாத்திரை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் கர்ப்பம் என்பதால் வாய் இறுகி மூடியிருக்கும், இளக்காமல் கருவியை விட்டால் கிழியலாம், கர்ப்பப்பையில் ஓட்டைகூட விழலாம் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை செய்துவிடும் மாத்திரையை ஆறு மணிக்கே கொடுத்துவிட்டு, தியேட்டருக்கு அழைத்துப்போனது மதியம் ஒன்றரைக்கு! ரூம் காலியாகவில்லை என்று வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஏழு மணிக்கே அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது, பல் கிட்டும் அளவு குளிர், கூடவே பேதி. வலி மாத்திரை கேட்டு அம்மா மூன்று தடவை போனார். பொது பாத்ரூமில் தாழ்ப்பாள் கிடையாது. அம்மா வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே எனக்குக் கட்டி கட்டியாகப் போனது. இப்படியெல்லாம் ஆகும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் பில்லில் தனியாக ஒரு வரி: “செர்விக்ஸ் பிரிபரேஷன் – 8,500”, அதாவது கர்ப்பப்பை வாயை இளக்கியதற்கு. நாலு மாத்திரை அட்டையின் விலையே நூறு ரூபாய் வராது, அம்மா அட்டையைப் பார்த்தார். எனக்குக் கொடுத்தது இரண்டு. அதற்கு 8,500! கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்றதால், வீட்டுக்காரர் வண்டி டியூவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினார்.

பில் கவுண்டரில் “ஆப்காரங்களைக் கேளுங்க”, ஆப்பில் “அது ஆஸ்பத்திரி சைடு”. அந்தப் பெண்ணைப் பிடித்தால், அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். “செக் பண்ணிட்டுச் சொல்றேன் மேடம்” என்றவள் அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேற்று காலை “உங்கள் புகார் முடிக்கப்பட்டது” என்று மெசேஜ், அதன் கீழேயே எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்ற கேள்வி.

என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், வயிறு விடவில்லை. இளக்கும் மாத்திரையும் பேக்கேஜில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். தியேட்டர் நேரம் உறுதியாகாமல் மாத்திரையை வாயில் வைக்காதீர்கள். படுக்க இடமும் வலி மருந்தும் முதலிலேயே கேளுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் இருக்கப் போடும் ஆன்டி-டி ஊசி பற்றி டாக்டரிடம் கேட்க மறக்காதீர்கள். 8,500-க்கு ரசீது இன்னும் வரவில்லை, நாளைக்கு வீட்டுக்காரர் நேரில் போகிறார்.