ஊசியில் நூல் கோர்க்கும் தகடு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

வெள்ளெழுத்து வந்தவர்கள் தைக்கிற வீட்டில் இது கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தையல் பெட்டியிலும் பல காலமாக இருந்தது. என்ன பொருள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

நாணயம் அளவுக்கு மெல்லிய வெள்ளைத் தகடு. அதில் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண்ணின் முகம் புடைத்திருக்கும். ஓரத்திலிருந்து முடியளவு மெல்லிய கம்பி சாய்சதுரமாக மடிந்து நீண்டிருக்கும். காதுக்குரும்பி எடுப்பது என்றார் சித்தப்பா. பம்ப் ஸ்டவ்வின் அடைப்பு எடுக்கும் பின் என்றார் பாட்டி. அது நல்ல ஊகம்தான். ஸ்டவ் பின்னும் தகட்டின் நுனியில் கம்பி வைத்ததே. ஆனால் அதன் கம்பி ஒற்றையாக, குட்டையாக, விறைப்பாக இருக்கும். இது தொட்டாலே வளைந்தது.

ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, இரு புறமும் படமெடுத்து இணையத்தில் கேட்டேன். முகமறியாத மனிதர்கள் காட்டிய அக்கறையை மறக்க முடியாது. சும்மா ஊகித்துவிட்டுப் போகாமல் கேள்வி கேட்டார்கள். கம்பியின் இரு முனையும் தகட்டுக்குள்தான் போகின்றனவா? அழுத்தினால் குறுகி, விட்டதும் விரிகிறதா? எவற்றோடு சேர்ந்து கிடந்தது? பொத்தான்களோடும் நூல்கண்டுகளோடும் என்று சொன்னதுமே விடை வந்துவிட்டது. எங்கெங்கோ இருப்பவர்கள், தங்கள் வீட்டிலும் அதே பெண் முகத்தோடு ஒன்று இருப்பதாகப் படம் அனுப்பினார்கள்.

கம்பியின் கூர்முனையை ஊசிக் காதில் செலுத்தினால் குறுகி நுழைந்து, மறுபுறம் விரிந்துகொள்ளும். விரிந்த இடைவெளி ஊசிக் காதைவிடப் பல மடங்கு அகலம். மங்கிய கண்ணுக்கும் தப்பாது. அதில் நூலை நுழைத்துத் தகட்டைப் பின்னால் இழுத்தால் நூலும் கூடவே வந்துவிடும். அன்று முதல் அம்மா ஊசி கோர்க்க யாரையும் கூப்பிடுவதில்லை. பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருந்த கிழிசல்கள் இப்போது காலையிலேயே தைத்து முடிந்துவிடுகின்றன. எனக்கு இதைவிடப் பெரிய பயன் வேறில்லை.

தையல் இயந்திர ஊசிக்கும் உதவுகிறது. நூல் எந்தப் பக்கம் வெளிவர வேண்டுமோ, அந்தப் பக்கத்திலிருந்து கம்பியை நுழைக்க வேண்டும்.

குறை கம்பியில்தான். தடித்த நூலை முரட்டுத்தனமாக இழுத்தால் தகட்டின் பிடியிலிருந்து கழன்றுவிடும். எங்கள் பழைய தகடு அப்படித்தான் போனது. ஒட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. மணி கோர்க்கும் மெல்லிய ஊசிக்கு இது ஒத்துவராது, கம்பி நுழைவதே கடினம். தையல் சாமான் கடைகளில் மலிவாகவே கிடைப்பதால் இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். வாங்கும்போது கம்பி தகட்டோடு சேரும் இடத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேறொன்று கேளுங்கள்.