‘சுத்தம் செய்யும் மீன்’ என்று கோரிடோராஸை விற்கிறார்கள், ஜாக்கிரதை

“இது தொட்டியைச் சுத்தம் பண்ணும்” என்று சொல்லி யாராவது உங்களிடம் கோரிடோராஸ் என்கிற சின்னக் கெளுத்தி மீனை விற்க வந்தால், அந்தக் கடையில் எதையும் வாங்காதீர்கள். அப்படிச் சொல்பவருக்கு அந்த மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, இல்லையென்றால் தெரிந்தே பொய் சொல்கிறார். என்னிடம் விற்றவர் இரண்டாவது ரகம் என்றே நினைக்கிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பாணியில் விற்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டியது அந்தப் பாணியைத்தான்.

மீன் வளர்ப்பு எனக்குப் புதிது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். தொட்டி, ஃபில்டர், ஹீட்டர், பளபளக்கும் வண்ணக் கற்கள், ஒரு பாட்டில் ‘பாக்டீரியா திரவம்’ எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்து வைத்தார். மேலே நீந்துகிற சின்ன மீன்கள் கொஞ்சம், அடியில் திரிய கோரிடோராஸில் பாண்டா, பெப்பர்டு, அல்பினோ என்று வகைக்கு ஒரு ஜோடி. “இந்த பாட்டிலை ஊத்திட்டு இன்னைக்கே மீனை விட்டுடுங்க. மத்த மீன் போடுற கழிவையெல்லாம் இதுங்க தின்னுக்கும், தனியா தீனி வேண்டாம்” என்றார்.

கோரிடோராஸ் எந்த மீனின் கழிவையும் தின்னாது. பாசியைச் சுரண்டித் தின்கிற மீனும் அல்ல. தென் அமெரிக்க ஆறுகளின் அடித்தரையில் புழு, பூச்சிகளின் இளம்புழு, சின்னஞ்சிறு ஓட்டுடலிகள் என்று தேடித் தின்கிற கெளுத்தி இனம் அது. வீட்டில் அதற்கென்றே அடியில் மூழ்கும் பெல்லட் (உருண்டைத் தீனி) போட வேண்டும். மேலே மிதக்கிற தீனி அடிவரை வந்து சேர்வதே இல்லை. இப்படித்தான் பல வீடுகளில் இந்த மீன் கண்ணெதிரே பட்டினியாகச் சாகிறது. ஜோடிக் கணக்கும் விற்பனைக்காகச் சொல்வதுதான். ஒரே வகையில் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது அச்சமில்லாமல் வெளியே திரியும்.

அந்த பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அவ்வளவு ஆபத்தில்லாதது. புதுத் தொட்டியின் ஃபில்டரில் இந்த பாக்டீரியா போதுமான அளவு வளரப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நல்ல தயாரிப்பாக இருந்தால் பாட்டில் பாக்டீரியா அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாம். ஆனால் தண்ணீரைச் சோதிக்காமல் அன்றைக்கே எல்லா மீனையும் விடச் சொல்வது, தன் கழிவிலேயே மீனை மூழ்கடிப்பதற்குச் சமம்.

சில நாட்களில் கோரிகள் (கோரிடோராஸின் சுருக்கப் பெயர்) திரும்பத் திரும்ப மேலே பாய்ந்து காற்றைக் குடிக்கத் தொடங்கின. கடைக்கு ஃபோன் செய்தேன். “அது அந்த மீனோட பழக்கம், பயப்படாதீங்க” என்று பதில் வந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஏனென்றால் அது பாதி உண்மை. கோரிடோராஸ் காற்றை விழுங்கி, குடலின் பின்பகுதி வழியாக ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளக்கூடிய மீன்தான். நலமாக இருக்கும்போதும் எப்போதாவது சட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் கீழே போய்விடும், பிறகு நிதானமாக மண்ணைக் கிளறும். அதே மீன் ஓயாமல் மேலும் கீழும் போய்வந்தாலோ, மேற்பரப்பிலேயே தங்கிவிட்டாலோ, செவுள் சிவந்து வேகவேகமாக அடித்துக்கொண்டாலோ தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள். இந்த வித்தியாசத்தை அறியாதவர் மீன்கடை நடத்த முடியாது.

முதல் பாண்டா செத்த பிறகு தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு காகித ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்துவிட்டு, “தண்ணி சூப்பரா இருக்கு, இது நோய்” என்று நீல மருந்து ஒன்றை விற்றார். அந்த ஸ்ட்ரிப்பில் அம்மோனியாவுக்கான கட்டமே இல்லை. பல ஸ்ட்ரிப்களில் இருப்பதில்லை. அந்த மருந்து மெத்திலீன் ப்ளூ. அதை நேராகத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய பாக்டீரியாவும் போய்விடும். வேறு இடத்தில் சொட்டு டெஸ்ட் கிட் வாங்கி நானே பார்த்தபோது, மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா குழாய் கரும்பச்சையாக நின்றது, அதாவது தண்ணீரில் அம்மோனியா ஏகத்துக்கும் இருந்தது.

ஹீட்டரையும் அவரே 28 டிகிரியில் வைத்துக் கொடுத்திருந்தார். கோரிடோராஸில் ஸ்டெர்பாய் என்ற வகை அந்தச் சூட்டைத் தாங்கும். பாண்டாவும் பெப்பர்டும் குளிர்ந்த தண்ணீரை விரும்புபவை, 22, 23 டிகிரியில் நன்றாக இருக்கும். பெப்பர்டு கோரி, பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்து வந்து 1842இல் இயற்கையியலாளர் ஜெனின்ஸ் விவரித்த மீன். அதன் ஊரான தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் படுகையில் குளிர்காலம் உண்டு. போதாததற்கு, சூடும் பிஎச் அளவும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) கூடக்கூட அம்மோனியாவின் விஷம் ஏறும்.

அந்த வண்ணக் கற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோரி கண்வரை மூக்கை மணலுக்குள் புதைத்து, வாயால் அள்ளிச் சலித்து, மிச்ச மணலைச் செவுள் வழியாக விடும். பார்க்க அவ்வளவு அழகு. கூரான கற்களில் அதற்கு இந்த வாழ்க்கையே இல்லை. கல் இடுக்கில் தீனி அழுகும், அந்த அழுக்கில் மீசை தேய்ந்து புண்ணாகும். அடிவேர் கெடாமல் இருந்தால், சுத்தமான மெல்லிய மணலுக்கு மாற்றியதும் மீசை திரும்ப வளரும். என்னிடம் மிஞ்சிய அல்பினோ இரண்டுக்கும் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது” என்றார். வேண்டுமானால் வேறு நான்கு மீன் இனாமாகத் தருகிறேன் என்றார். மறுத்துவிட்டேன்.

வாங்கப்போகிறவர்கள் கடைத்தொட்டியின் முன்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். மீசை முழுதாக இருக்க வேண்டும், வயிறு உட்குழிந்திருக்கக் கூடாது, அடிவயிற்றில் சிவப்புத் திட்டு இருக்கக் கூடாது, கண் உள்ளே போயிருக்கக் கூடாது. உங்கள் கண் முன்னால் ஒரு மீனாவது தீனி எடுக்கட்டும். போட்டுக் காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பளிச்சென்ற நீலத்திலோ ரோஜா நிறத்திலோ கோரி இருந்தால் அது அல்பினோவுக்குச் சாயம் ஏற்றியது, அந்தக் கொடுமைக்குக் காசு கொடுக்காதீர்கள். பார்சலில் வரவழைப்பதாக இருந்தால் எப்படி பேக் செய்வார்கள் என்று கேளுங்கள். கோரியின் பக்கத் துடுப்பு முள் பையைக் குத்திக் கிழிக்கும், வலையில் சிக்கும். மிரண்டால் அது விஷமும் சுரக்கும். ஒரே பையில் பல மீனை அடைத்தால் எல்லாம் சேர்ந்தே சாகலாம்.

ஏற்கெனவே இப்படி வாங்கிவந்து மீன் தவித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் ஏறக்குறைய அதே சூட்டில், குளோரின் நீக்கும் மருந்து கலந்ததாக இருக்கட்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம், வேறெந்த மருந்தும் வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். மீன் நன்றாக வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால், அவர் தொட்டியில் ஓடுகிற பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். எந்த பாட்டிலையும்விட அது மேல். தினமும் சோதித்து, தேவைப்படும் நாளெல்லாம் தண்ணீர் மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை புது மீன் எதையும் சேர்க்காதீர்கள், கடைக்காரர் இனாமாகவே கொடுத்தாலும்.