வரைவது ஒரு நாள், திருத்துவது பல நாள்: கீகேட், ஈகிள், எல்டிஸ்பைஸ்

ஸ்கீமேட்டிக் (மின்சுற்றுப் படம்) வரையும் மென்பொருள்களை ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது லைப்ரரியில் எத்தனை சிம்பல் (பாகங்களுக்கான குறியீடு) இருக்கிறது என்பதைத்தான். எனக்கு அது இரண்டாம்பட்சம். வரைந்து முடித்த படத்தில் ஒரு ரெசிஸ்டரைப் பிடித்து நாலு கட்டம் தள்ளிவைத்தால், அதில் ஒட்டியிருந்த வயர் கூடவே வருகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா? இதற்கு கீகேட், ஈகிள், எல்டிஸ்பைஸ் என்ற மூன்று மென்பொருளும் மூன்று பதில் சொல்கின்றன. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கீகேட்டில் இரண்டு வழியும் உண்டு, தனித்தனி விசைகளில். 'எம்' அழுத்தினால் சிம்பல் மட்டும் நகரும், வயர் அங்கேயே கிடக்கும். 'ஜி' அழுத்தினால் வயரையும் இழுத்துக்கொண்டு போகும். புதிதாக வருபவர்கள் 'எம்'மை மட்டும் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வயரை அழித்துத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார்கள். 'ஜி' என்று ஒன்று இருப்பதைச் சொன்னதும் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

எல்டிஸ்பைஸிலும் இதே பிரிவினைதான்: எஃப்7 நகர்த்த, எஃப்8 இழுக்க. (நான் சொல்வதெல்லாம் பழைய எஃப் வரிசை விசைகள். என் விரல்கள் அதற்கே பழகிவிட்டன.) ஆனால் எஃப்8 இழுக்கும்போது வயர் குறுக்குச் சாய்வாக நீளும். மின் இணைப்பில் தவறு இருக்காது, படம்தான் சிலந்தி வலை போல ஆகிவிடும். கீகேட்டின் புதிய பதிப்புகள் இழுக்கும்போதே வயரைச் செங்கோணமாக மடித்துக்கொள்ள முயல்கின்றன. எப்போதும் அழகாக வரும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் பிறகு சீர்ப்படுத்தும் வேலை பாதியாகக் குறைகிறது.

ஈகிளின் வழி வேறு. அங்கே மூவ் என்றாலே வயர் கூட வரும், பிரித்து எடுக்க விடாது. பிரிக்க வேண்டுமானால் நான் நெட்டை, அதாவது அந்த வயர் இணைப்பை, அழித்துவிடுவேன். போதாததற்கு ஒரு நுணுக்கமும் இருக்கிறது: ஒரு பின்னை (சிம்பலின் கால் முனையை) நகர்த்தி நெட்டின் மேல் வைத்தால் இணைப்பு உண்டாகும், நெட்டை நகர்த்தி பின்னின் மேல் வைத்தால் உண்டாகாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஈகிளில் சந்தேகம் வந்தால் நான் ஷோ கட்டளையைப் போட்டு நெட்டைச் சொடுக்கிப் பார்ப்பேன். பின்னும் சேர்ந்து ஒளிர்ந்தால் இணைந்திருக்கிறது, இல்லாவிட்டால் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது.

சரி, ஒரு சின்ன வேலையை வைத்துப் பார்ப்போம். இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) நிலைகள் ஒரே வயரால் நேரடியாக இணைந்திருக்கின்றன. நடுவில் ஒரு கேப்பாசிட்டரை நுழைக்க வேண்டும். எல்டிஸ்பைஸில் 'சி' அழுத்தி, கண்ட்ரோல்-ஆர் போட்டுத் திருப்பி, வயரின் மேலேயே வைத்தால் போதும். இரண்டு கால்களுக்கு நடுவே இருந்த வயர்த் துண்டு தானாக மறைந்துவிடும். வயரை வெட்டு, துண்டை அழி, திரும்ப ஒட்டு என்ற படலமே இல்லை. கீகேட்டும் இரண்டு கால்களும் ஒரே வயரில் விழுந்தால் நடுத்துண்டை நறுக்கிவிடுகிறது. ஆனால் அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வயரில் ஏற்கெனவே ஒரு லேபிள் (நெட்டுக்கு இட்ட பெயர்) இருந்தால், வெட்டுக்குப் பிறகு அது எந்தப் பக்கத்துத் துண்டில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். மறுபக்கம் வேறு நெட் ஆகிவிட்டது. அதே லேபிளை நம்பி படத்தின் மூலையில் இன்னொரு சர்க்யூட் இருந்தால், அது இப்போது கேப்பாசிட்டரின் எந்தப் பக்கத்திலிருந்து சிக்னல் எடுக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

லேபிள் பேச்சு வந்ததால் பல பக்கப் படங்களையும் சொல்லிவிடுகிறேன். ஈகிளில் ஒரே பெயருள்ள நெட்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான். கீகேட்டில் சாதாரண லேபிள் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும், எல்லாப் பக்கத்துக்கும் செல்ல குளோபல் லேபிள் வேண்டும். முதலாவது சௌகரியம், இரண்டாவது பாதுகாப்பு. ஒரு பக்கத்தை அப்படியே நகலெடுத்து இரண்டாவது சேனலாக்கும்போது கீகேட்டின் கறார்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. 'அவுட்' என்று இரண்டு பக்கத்திலும் இருந்தால் அவை ஒட்டிக்கொள்வதில்லை.

கிரிட், அதாவது படத்தின் கட்டங்கள், விஷயத்தில் கீகேட் கொஞ்சம் படுத்தும். இயல்பான கிரிட் 50 மில், அதாவது 1.27 மி.மீ. வயர் முனையும் பின் முனையும் துல்லியமாக ஒரே புள்ளியில் இருந்தால்தான் இணைப்பு. ஒரு முறை எழுத்துகளை அழகாக அடுக்குவதற்காக கிரிட்டை 10 மில்லாக மாற்றினேன், திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். அப்புறம் வைத்த நாலு ரெசிஸ்டரும் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தன. பின் முனையில் அந்தச் சின்ன வட்டம் மறையாமல் இருந்ததைப் பார்த்துத்தான் புரிந்தது. இணைந்த பின்னில் அந்த வட்டம் இருக்காது. பெரிதாக்கிப் பார்த்தால் வயரின் முனையில் ஒரு குட்டிச் சதுரமும் இருந்தது. இப்போதெல்லாம் சிம்பல்களைத் திரும்ப கிரிட்டில் அமர்த்த ஒரு கட்டளையே இருக்கிறது, ஆனால் கிரிட்டைத் தொடாமலே இருப்பது அதைவிட நல்லது.

மொத்தமாக மதிப்பு மாற்றுவதில் ஈகிளின் கட்டளை வரி இன்னும் எனக்குப் பிடித்தமானது. வேல்யூ 10கே என்று தட்டிவிட்டு வரிசையாக ரெசிஸ்டர்களைச் சொடுக்கிக்கொண்டே போகலாம். கட்டளை முதலில், பொருள் பிறகு. கீகேட்டில் சிம்பல் புலங்களின் அட்டவணையைத் திறந்தால், ஒரே மதிப்புள்ளவை ஒரு வரியாகச் சேர்ந்து நிற்கும், அந்த வரியைத் திருத்தினால் எல்லாம் மாறும். ஐம்பது பாகத்துக்கு மேல் போனால் இதுதான் வேகம். எல்டிஸ்பைஸில் ஒவ்வொன்றாக வலது சொடுக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்புக்குப் பதிலாக மாறியைப் போட்டு, அதன் மதிப்பைச் சொல்லும் .பாரம் வரியில் ஒரே இடத்தில் மாற்றலாம். சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனுக்கு அது போதும்.

போர்டு (பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் பலகை) வரைந்த பிறகு ஸ்கீமேட்டிக்கைத் தொடுவதுதான் உண்மையான சோதனை. இதில் எல்டிஸ்பைஸ் போட்டியிலேயே இல்லை. அது போர்டு வரைய வந்த கருவி அல்ல. ஈகிளில் இரண்டு கோப்பும் திறந்திருந்தால் ஸ்கீமேட்டிக்கில் செய்த மாற்றம் அந்த நொடியே போர்டில் தெரியும். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றில் கை வைத்தால் இரண்டும் பொருந்தாமல் போய், பிறகு வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டிவரும். கீகேட் எதையும் தானாகச் செய்யாது. நீங்கள் எஃப்8 அழுத்தி, என்னென்ன மாறப்போகிறது என்ற பட்டியலைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிம்பலுக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாள எண் இருப்பதால், ஆர்5-ஐ ஆர்12 என்று பெயர் மாற்றினாலும் போர்டில் அதே ஃபுட்பிரிண்ட்தான் (பாகம் உட்காரும் தடம்) பெயர் மாறி நிற்கும். பாதி யோசனையில் ஸ்கீமேட்டிக்கைக் கலைத்துப்போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் இந்த இடைவெளி எனக்கு ஒத்துவருகிறது. எதையும் யோசித்து முடித்த பிறகே கை வைப்பவர்களுக்கு ஈகிளின் உடனடித்தன்மை சுகமாக இருக்கும்.

ஆனால் ஈகிளைப் புதிதாகத் தொடங்கச் சொல்ல மனம் வரவில்லை. 2016-இல் அதை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூன் 7-உடன் ஆதரவை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பழைய ஈகிள் படங்கள் கையில் இருப்பவர்கள் அவற்றை கீகேட்டில் திறக்கலாம், 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. திறந்ததும் முதல் வேலையாக லேபிள்களைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலே இணைந்துவிடும் உலகிலிருந்து, பக்கத்தோடு நிற்கும் உலகுக்கு வந்திருக்கின்றன அவை.