அடிடாஸ் கோபா முண்டியால்: இளம் மிட்ஃபீல்டருக்கு ஏற்ற பூட்ஸா?

1982 ஸ்பெயின் கால்பந்து உலகக் கோப்பையை மனதில் வைத்து 1979-இல் வந்த பூட்ஸ் இது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் நடுக்களத்தில் ஆடும் மிட்ஃபீல்டர் 10, 11 கிலோமீட்டர் ஓடுகிறார், அதுவும் நாலாபக்கமும் திரும்பித் திரும்பி. அதற்கு இதன் 12 உருண்டை ஸ்டட்கள் (பூட்ஸின் அடியில் துருத்தி நிற்கும் குமிழ்கள்) அருமையாகப் பொருந்துகின்றன. பிளேடு வடிவ ஸ்டட் தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பியும் பாதம் திரும்பாவிட்டால் அடி வாங்குவது முழங்கால்தான். உருண்டை ஸ்டட் தரையிலிருந்து எளிதில் விடுபடும்.

முன்பக்கத் தோல் மெத்தென்று இருப்பதால் வேகமாக வரும் பாஸும் காலில் துள்ளாமல் அடங்கும். குறை என்றால் எடை. இன்றைய செயற்கை இழை பூட்ஸைவிடக் கனம். நனைந்தால் இன்னும் கூடும்.

தோல் நெகிழும். அதனால் விரல் நுனியில் தாராளமாக இடம் விட்டு வாங்கினால், பழகப் பழகப் பாதம் உள்ளே வழுக்கி, குதிகாலில் கொப்புளம் வரும். ‘வளர்ற பையன்’ என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கிக் கொடுக்கவே கூடாது. நனைந்ததைச் செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள்; வெயிலில் தோல் வெடிக்கும், பசை விடும்.

செயற்கைப் புல்லில் இதைப் போட வேண்டாம். அதற்கு இதே குடும்பத்தில் குட்டி ரப்பர் ஸ்டட்களோடு முண்டியால் டீம் இருக்கிறது. சேற்றுத் தரைக்கு, 6 திருகு ஸ்டட் உள்ள ‘வேர்ல்டு கப்’ என்ற பூட்ஸ்.