கலர் காக்டஸ் காம்போ ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் இதைப் படிங்க

மக்களே, இன்ஸ்டாவுல சிவப்பு, மஞ்சள், பிங்க்னு உருண்டையா தலை வெச்ச குட்டி காக்டஸ் காம்போ ஆஃபர்னு விக்கிறாங்கல்ல, மூன் காக்டஸ்னு, கீழ பச்சைத் தண்டு மேல கலர் உருண்டை, ரெண்டு வேற கள்ளியை ஒட்டு கட்டிச் சேர்த்தது, அதை ஒரு பேஜ்ல 899 ரூபாய்க்கு மூணு வாங்குனேன், மூணுலயும் ஏமாத்திட்டாங்க, காசும் திரும்ப வரல. பேஜ் பேரை இங்க போடல, ஏன்னா இது ஒரு ஆள் பண்ற வேலை இல்ல, அதே போட்டோவை வெச்சு ஏகப்பட்ட பேஜ் ஓடுது.

முதல்ல அந்தப் பூ. சிவப்பு காக்டஸ் உச்சியில ஆரஞ்சு கலர்ல பளபளன்னு ஒரு பூ, "பூவோடயே வரும் சிஸ்டர்"னு வீடியோல காட்டுனாங்க. வந்துச்சு, வாரக்கணக்கா வாடவே இல்ல, அங்கதான் எனக்கு சந்தேகம். இதுல கொடுமை என்னன்னா மழை நாள்ல அந்தப் பூ மூடிக்குது, வெயில் அடிச்சா விரியுது, அம்மா பார்த்துட்டு உயிரோடதான்டி இருக்குன்னு அடிச்சு சொன்னாங்க. அது ஸ்ட்ரா ஃப்ளவர்னு ஒரு காய்ஞ்ச பூ, பறிச்சுக் காயவெச்ச பிறகும் காத்துல ஈரம் ஏறுனா இதழ் மூடும், காய்ஞ்சா விரியும், அதான் அதை எடுத்து ஒட்டுறாங்க. நகத்தால மெதுவா நிமிண்டிப் பார்த்தேன், அடியில ஹாட் க்ளூ நூல் நூலா படிஞ்சு கிடக்கு, பூவோட சேர்ந்து காக்டஸ் தோலும் நாலு முள்ளும் பிஞ்சு வந்துடுச்சு. கொதிக்கிற க்ளூவை உயிருள்ள செடி மேல வெச்சிருக்காங்க, அந்த இடம் பழுப்பா வெந்து போயிருந்துச்சு, பார்க்கவே வயிறு எரிஞ்சுது.

பிங்க் பெட்டியைத் திறக்கும்போதே தலை ஆடிச்சு. சுத்தி கண்ணாடி மாதிரி க்ளூ வளையம், தண்டுக்கும் தலைக்கும் நடுவுல இடைவெளி. ஒட்டு கட்டுறதுன்னா அப்படி இல்லங்க, தண்டை வெட்டுனா நடுவுல ஒரு வட்டம் தெரியும், தலையோட அடியிலயும் அதே மாதிரி ஒரு வட்டம் இருக்கும், தண்ணியும் சத்தும் போற குழாய் எல்லாம் அங்கதான், ரெண்டு வட்டமும் ஒன்னு மேல ஒன்னு பட்டு, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, ஒரு வாரம் பத்து நாள் அசைக்காம வெச்சாத்தான் சேரும். இவங்க க்ளூவை சுத்தி விட்டு அன்னைக்கே கூரியர்ல போட்டுட்டாங்க போல. தலை சுருங்கி கழண்டு விழுந்துச்சு, வெட்டு முகம் தோல் மாதிரி காய்ஞ்சிருந்துச்சு, ஒரு நாளும் ஒட்டவே இல்ல அது.

மஞ்சள் தொட்டியில மேல அழகா வெள்ளைக் கல்லு, எல்லாம் பசை போட்டு ஒட்டுனது, தண்ணி ஊத்துனா ஓரமா வழிஞ்சு போகுது. அதைப் பேத்துப் பார்த்தா உள்ள வெறும் கொக்கோபீட், அதான் தேங்காய் நார்த் தூள், புழிஞ்சா தண்ணி வருது, தண்டுக்கு ஒரு வேர் கூட இல்ல! வெட்டுன துண்டை அப்படியே ஈரத்துல குத்தி வெச்சு அனுப்பியிருக்காங்க, அடி அழுகி வாடை.

இதை எல்லாம் விட எனக்கு ஆத்திரம் வர்றது அவங்க குடுக்கிற அட்வைஸ்தான். "மாசத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணி போதும் சிஸ்டர், வெளிச்சமே வேணாம், கம்ப்யூட்டர் பக்கத்துல வைங்க ரேடியேஷனை இழுத்துக்கும்". ரேடியேஷனை எந்த செடியும் இழுக்காது. அந்தக் கலர் தலைக்குப் பச்சையமே கிடையாது, சொந்தமா சமைக்கத் தெரியாத தலை அது, கீழ இருக்கிற பச்சைத் தண்டுதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து சமைக்கணும். அந்தத் தண்டு பாலைவனக் கள்ளி இல்ல, நம்ம டிராகன் ஃப்ரூட் கொடி வகை, நல்ல வெளிச்சமும் மத்த காக்டஸை விட கொஞ்சம் அதிகமா தண்ணியும் கேக்கும். இருட்டு ரூம்ல வெச்சா தண்டு பட்டினி, தண்டு போனா தலையும் போச்சு. உச்சி வெயிலும் ஆகாது, தலை வெளுத்து வெந்துடும். கிழக்கு ஜன்னல் காலை வெயில், மண்ணு முழுசா காய்ஞ்சதும் நல்லா ஊத்தி வடிய விடுறது, சென்னை மழைக்காலத்துல ரொம்பக் குறைச்சுக்கிறது, இவ்வளவுதான். நல்லா வெச்சாலும் இது பல வருஷம் நிக்கிற செடி இல்ல, ரெண்டும் வேற வேற வேகத்துல வளரும், சில வருஷத்துல மறுபடி வேற தண்டுல ஒட்ட வேண்டி வரும். "லைஃப்டைம் பிளான்ட்"னு விளம்பரம் போடுறவங்க இதை சொல்றதே இல்ல.

அன்பாக்ஸிங் வீடியோ என்கிட்ட இருந்துச்சு, அனுப்புனேன். "லைவ் பிளான்ட்டுக்கு ரிட்டர்ன் இல்ல சிஸ்டர், நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க". வந்த அன்னைக்கே தலை ஆடுதுங்க, நான் எப்ப தண்ணி ஊத்துனேன்னு கேட்டதும் பிளாக். கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிவு பண்ணியிருக்கேன்.

அதே பேஜ் இப்ப "ரெயின்போ மூன் காக்டஸ் விதை, 100 விதை 149"னு போட்டிருக்கு, நீலம் வயலட் எல்லாம் இருக்கு போட்டோல. தயவு செஞ்சு வாங்காதீங்க. இந்த சிவப்புத் தலை வந்த கதையே வேற, 1941ல ஜப்பான்ல வாட்டனபேங்கறவர் ஆயிரக்கணக்குல கள்ளி விதை போட்டு முளைக்க வெச்சதுல ரெண்டே ரெண்டு சிவப்பா வந்துச்சு, பச்சையம் இல்லாததால சும்மா விட்டா செத்திருக்கும், பச்சைக் கள்ளி மேல ஒட்டித்தான் அதைக் காப்பாத்துனாரு. இன்னைக்கும் தலையில வர்ற குட்டியைப் பிச்சு இன்னொரு தண்டுல ஒட்டித்தான் இதைப் பெருக்குறாங்க. விதையில போட்டு ஜன்னல்ல வளர்க்கிற சமாச்சாரமே இல்ல.

வேணும்னா நேர்ல நர்சரிக்குப் போய் வாங்குங்க. தண்டோட அடியை லேசா அமுக்குங்க, கல்லு மாதிரி இருக்கணும், மஞ்சளோ கொழகொழன்னோ இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க. தலையை ரெண்டு விரல்ல தொட்டா அசையக் கூடாது. வேர் இருக்கா காட்டுங்கண்ணான்னு கேளுங்க, நல்ல கடைக்காரர் தொட்டியைக் கவுத்தே காட்டுவாரு.

அதே மாதிரி உங்களுக்கும் அழுகுன தண்டோட செடி வந்து, தலை மட்டும் கெட்டியா இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. என் மஞ்சள் பொழச்சது அப்படித்தான், கத்தியை ஸ்பிரிட்ல துடைச்சுத் தலையைத் தனியா சீவுனேன், வெட்டுல பழுப்புப் புள்ளி இருந்தா அது போற வரைக்கும் மெல்லிசா சீவிக்கிட்டே வரணும். பக்கத்து வீட்டு அக்கா மாடியில இருந்த டிராகன் ஃப்ரூட்ல வேர் பிடிச்ச துண்டு வாங்கி, வட்டத்து மேல வட்டம் வெச்சு ரப்பர் பேண்ட். நிழல்ல வெச்சு, வெட்டுல தண்ணி படாம பார்த்துக்கிட்டேன். இப்ப ஓரத்துல ஒரு குட்டி எட்டிப் பார்க்குது.

ஆர்டர் போட்டு பார்சல் வழியில இருக்குன்னா, பேஜ்ல இருக்கிற போட்டோ, சாட், பணம் போன ரசீது எல்லாத்தையும் இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, என்னை பிளாக் பண்ணதும் அந்தப் போஸ்ட்டையும் தூக்கிட்டாங்க. பெட்டியைத் திறக்கும்போது வீடியோல தலையைத் தொட்டு அசைச்சுக் காட்டுங்க, கல்லைப் பேத்து வேரையும் காட்டுங்க.