அம்மா போட்ட லைட்டை ஆட்டோமேஷன் அணைக்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு சுவிட்ச் பெட்டிகளுக்குள் வைஃபை ரிலே (வைஃபை வழியாக லைட்டைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி) வைத்து, வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளில் சேர்த்துச் சில வருடம் ஆகிறது. எந்த ரிலே நல்லது என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். லைட்டைப் போட்டது ஆளா, நாம் எழுதி வைத்த விதிப்படி தானே ஓடும் ஆட்டோமேஷனா என்று பிரித்துப் பார்ப்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து பூ கட்டுவார். விரல்கள்தான் அசையும். மோஷன் சென்சாருக்கு அது போதாது; ஆளில்லை என்று லைட்டை அணைத்துவிடும். அவர் கையால் போட்டதை அவர்தான் அணைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹோம் அசிஸ்டன்டில் ஒவ்வொரு மாற்றத்தோடும் ‘கான்டெக்ஸ்ட்’ என்ற விவரம் வரும். ஆப்பில் தொட்டுப் போட்டால் அதில் யூசர் ஐடி இருக்கும். சென்சாரின் மாற்றத்தால் ஓடும் ஆட்டோமேஷன் போட்டால் பேரன்ட் ஐடி, அதாவது அதைத் தூண்டிய முந்தைய மாற்றத்தின் அடையாளம், இருக்கும். இரண்டுமே காலி என்றால், பெரும்பாலும் யாரோ சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டியிருக்கிறார்கள். பேரன்ட் ஐடி இல்லாமல் லைட் எரிந்தால் ‘கையால் போட்டது’ என்ற டாகிள் (ஹோம் அசிஸ்டன்டுக்குள் இருக்கும் ஆன்/ஆஃப் குறி) ஆன் ஆகும்படி வைத்தேன். அது ஆனில் இருக்கும்வரை சென்சார் அணைக்காது. லைட் அணைந்ததும் டாகிளும் ஆஃப்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ஊரில் இது மட்டும் போதாது. ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் சர்வரும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன, தோட்டத்து லைன் அதில் இல்லை. கரண்ட் போனதும் ரிலே ‘அன்அவெய்லபிள்’ (தொடர்பில் இல்லை) என்று ஆகும். திரும்பி வந்ததும், பழைய நிலைக்கே போகும்படி செட் செய்த ரிலே தானே ஆன் ஆகும். அதிலும் இரண்டு ஐடியும் காலி. வீடு அதை அம்மா போட்டதாக எடுத்துக்கொண்டு விடிய விடிய எரியவிடும். அதனால் ஆஃபிலிருந்து ஆனுக்கு வரும் மாற்றத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பல்புக்கும் இந்த நிபந்தனை அவசியம். ஆட்டோமேஷன் தந்த கான்டெக்ஸ்ட் 5 விநாடிதான் ஒட்டியிருக்கும். பல்பு மெதுவாகப் பிரகாசமாகி, அதற்கப்புறம் தன் அளவை அனுப்பினால், கையால் மாற்றியதுபோலவே தெரியும்.

ஐஆர் ரிமோட்டில் ஓடும் ஃபேனுக்கு மட்டும் வழியில்லை. அம்மா ரிமோட்டை அழுத்தினால் அந்தச் செய்தி சர்வருக்கு வராது. அதனால் அந்த ஃபேனை எந்த ஆட்டோமேஷனிலும் சேர்க்கவில்லை, சேர்க்கும் எண்ணமும் இல்லை.